ஸ்டவர்ஹெட் தோட்டம்: அப்பல்லோ கோயிலுக்குப் படியில்லாத பாதை உண்டா?

இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஸ்டவர்ஹெட் தோட்டத்துக்கு அடுத்த மாதம் அம்மாவை அழைத்துச் செல்கிறேன். வயது 71. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து எட்டு மாதம். சமதளத்தில் கைத்தடியுடன் ஒரு மணி நேரம் நடப்பார். ஈரமான கற்படி என்றால் ஆகாது.

வழிகாட்டியுடன் செல்லப் பதிவு செய்திருந்தேன். ஆள் சேரவில்லை என்று ரத்து செய்துவிட்டார்கள், பணம் வந்துவிட்டது. சென்ற சனிக்கிழமை லண்டன் வாட்டர்லூ நிலையத்திலிருந்து ரயிலில் கில்லிங்ஹாம் போய், அங்கிருந்து டாக்ஸியில் சென்று நானே ஏரியை இடமாகச் சுற்றிப் பார்த்தேன். செயற்கைக் குகைக்குள் இறங்கும் இடம் இருட்டும் ஈரமுமாக இருந்தது. அதை விலக்கி, ஏரிக்கரையிலுள்ள பாந்தியன் என்ற குவிமாட மண்டபம் வரை போய்விடலாம். சிக்கல் அதற்குப் பிறகுதான். 1765-இல் கட்டிய அப்பல்லோ கோயில் மேட்டின் மேல் நிற்கிறது. நான் ஏறிய பாறைப் படிகளில் எனக்கே மூச்சு வாங்கியது. கையிலிருந்த வரைபடத்தில் சரிவு எவ்வளவு என்று தெரியவில்லை. அம்மாவோ அந்தக் கோயிலிலிருந்துதான் ஏரியைப் பார்க்க வேண்டும் என்கிறார், புகைப்படம் காட்டியது என் தப்பு.

முதியவர்களுடன் அங்கே போனவர்கள் சொல்லுங்கள்: படியேறாமல் அப்பல்லோ கோயிலை அடைய எந்தப் பக்கத்திலிருந்து ஏற வேண்டும்?