சொந்தமாக ஒரு பந்தல்: தரையிலிருந்து தொடங்குவோம்

அன்புள்ள சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

வீட்டு விசேஷங்களுக்கு ஒவ்வொரு முறையும் பந்தலை வாடகைக்கு எடுப்பதைவிட, ஒருமுறை நாமே செய்து வைத்துக்கொள்ள முடியாதா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முடியும், நான் செய்த பந்தலை ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் கூரைத் துணியைப் பற்றியும் அதன் நிறத்தைப் பற்றியும்தான் கேட்டீர்கள். அதைத் தரையோடு எப்படிப் பிடித்து வைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கு முன் நான் செய்த முதல் பந்தலில் எனக்கும் அந்தக் கேள்வி எழவில்லை. நான்கு கால்களிலும் பத்துக் கிலோ மணல் மூட்டையைக் காலுக்கொன்றாகக் கட்டிவிட்டு, அதுவே போதும் என்று நம்பியிருந்தேன். விருந்தினர் புறப்பட்டுப் போய் அரை மணி நேரம் ஆவதற்குள், ஒரே வீச்சுக் காற்றில் பந்தல் மூட்டைகளோடு எழும்பி வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. அந்தக் காற்று சற்று முன்னதாக அடித்திருந்தால் அதன் அடியில் குழந்தைகள் இருந்திருப்பார்கள். ஆகவே இந்த மடலையும் தரையிலிருந்தே தொடங்குகிறேன்.

பந்தலின் எடை மிகக் குறைவு. 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு பந்தலில் குழாய்களும் துணியும் சேர்ந்தாலும் ஏறத்தாழ நூறு கிலோதான் வரும். காற்றின் விசையோ அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 6.25 கிலோ அழுத்தத்தைத் தருகிறது என்றால், 72 கிலோமீட்டர் வேகத்தில் அது 25 கிலோவாகிவிடும். நீளப் பக்கத்தில் 2 மீட்டர் உயரத்துக்கு மறைப்புத் துணி கட்டியிருந்தால், 12 சதுர மீட்டர் பரப்பில் முதற்காற்று 75 கிலோவும் இரண்டாவது 300 கிலோவும் தள்ளும். இதைவிடவும் அஞ்ச வேண்டியது கூரையை மேலே தூக்கும் விசை. காற்று வரும் பக்கத்தைத் திறந்து வைத்து எதிர்ப் பக்கத்தை மூடினால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைக் கீழிருந்து உந்தும். மறைப்புக் கட்டுவதானால் காற்று வரும் பக்கத்தில் கட்டி, எதிர்ப் பக்கத்தைத் திறந்து விடுங்கள்.

மண் தரையாக இருந்தால் இரும்பு முளைகளே சிறந்தவை. 60 சென்டிமீட்டருக்குக் குறையாத முளையை, அதன் தலை பந்தலுக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். பந்தலைத் தரையோடு இழுத்துப் பிடிக்கும் இழுகயிற்றை முளையின் தலையில் அல்லாமல் தரையை ஒட்டிய இடத்தில் கட்டினால்தான் முளை நெம்பி எழாது. நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால் பாலியெஸ்டர் கயிற்றை வாங்குங்கள். முளை அடிக்கும் முன் அந்த இடத்தின் அடியில் மின்கம்பியோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்று உறுதி செய்துகொள்வதைத் தயவுசெய்து தவற விடாதீர்கள்.

காங்கிரீட் தரையில் பாரம்தான் வழி. ஆறு கால்கள் உள்ள இந்த அளவுப் பந்தலுக்கு, ஒரு காலுக்கு 100 கிலோவுக்குக் குறைவாக வைக்க நான் ஒப்பமாட்டேன். 20 லிட்டர் கேனில் நிரப்பிய நீர் 20 கிலோதான். அதே கொள்ளளவுள்ள வாளியில் காங்கிரீட் நிரப்பினால் 48 கிலோ வரும். ஆகவே ஒரு காலுக்கு இத்தகைய வாளிகள் இரண்டும் ஒரு நீர்க்கேனும் வைத்தால் போதும். அவற்றைக் காலின் பக்கத்தில் வைத்தால் மட்டும் பயனில்லை. காலின் அடியில் உள்ள தட்டோடு பட்டையால் இறுக்கிக் கட்ட வேண்டும்.

பந்தலைத் தாங்கும் சட்டத்துக்கு 38 முதல் 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள துத்தநாகப் பூச்சு இரும்புக் குழாய்களைப் பரிந்துரைக்கிறேன். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்கள் மலிவாகத் தோன்றினாலும் இவ்வளவு இடைவெளிக்கு வளைந்துவிடும். வெயிலில் நாளடைவில் நொறுங்கவும் செய்யும். கால் 2 மீட்டர், முகடு 3 மீட்டர் உயரம் என்று வைத்தால், முகட்டிலிருந்து இறவாரம் (கூரையின் கீழ் விளிம்பு) வரையுள்ள கைமரம், அதாவது சாய்வுக் குழாய், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.24 மீட்டர் வரும். அத்தகைய ஆறு கைமரங்கள், ஆறு கால்கள், முகட்டின் நீளவாக்கில் ஓடும் முகட்டுவளைக்கு 3 மீட்டர்க் குழாய்கள் இரண்டு, இரு இறவாரங்களுக்கும் நான்கு என்று மொத்தம் பதினெட்டுக் குழாய்கள் தேவைப்படும். இணைப்பு மூட்டுகளை முதலில் வாங்கி, ஒவ்வொரு மூட்டும் எவ்வளவு நீளத்தை விழுங்குகிறது என்று அளந்த பிறகே குழாய்களை வெட்டுங்கள். கடைசி மூலைகளில் குறுக்குச் சாய்வாக ஒரு குழாயையோ கம்பியையோ பூட்டாவிட்டால், சட்டம் முழுவதும் ஒரு பக்கமாகச் சரியும்.

முகட்டை 3 மீட்டருக்கு உயர்த்தச் சொல்வது அழகுக்காக அன்று. அப்போது சரிவு 26 பாகைக்கு மேல் அமைந்து மழைநீர் தங்காமல் ஓடிவிடும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கிலோ நீர். 10 மில்லிமீட்டர் மழை இந்தப் பந்தலின் மேல் 240 கிலோவை இறக்கும். தட்டையான கூரையில் சிறு பள்ளம் விழுந்தால் அங்கே நீர் சேரும். சேர்ந்த நீர் பள்ளத்தைப் பெரிதாக்க, மேலும் நீர் சேர்ந்துகொண்டே போகும்.

கூரைக்குப் பிவிசி பூசிய பாலியெஸ்டர் துணி, சதுர மீட்டருக்கு 500 முதல் 650 கிராம் எடையில், தீப்பற்றுதலைத் தடுக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரணத் தார்ப்பாய் இரண்டொரு முறைக்குத் தாங்கும், அவ்வளவுதான். துணியைக் குழாயோடு இழுத்தால் நீளும் மீள்கயிற்று வளையங்களால் இணைப்பது நல்லது, ஏனென்றால் காற்று வீசும்போது அவை சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் துணியின் ஓரத்துத் துளைகளில் பொருத்திய கண்வளையங்கள் கிழிவதில்லை.

நிறுத்தும் நாளில் முதல் வேலை, கால்களின் இடங்களைச் சதுரித்துக் குறிப்பது. 6 மீட்டருக்கு 4 மீட்டர் என்றால் இரு மூலைவிட்டங்களும் 7.21 மீட்டராக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காமல் நட்டால் துணி ஒரு மூலையில் இழுபட்டு மறு மூலையில் தொங்கும். கால்களைப் பூட்டும் முன்பே கூரைச் சட்டத்தைத் தரையில் இணைத்து, துணியையும் போர்த்திவிட்டு, ஒரு பக்கத்தைத் தூக்கிக் கால்களைச் செருகி, பிறகு மறு பக்கத்தைத் தூக்குங்கள். நான்கு பேர் இருந்தால் ஏணியே தேவைப்படாது. முதல் பக்கம் உயர்ந்தவுடன் அதன் கயிறுகளைக் கட்டிவிடுங்கள்.

நாற்காலி மட்டும் போட்டால் ஒருவருக்கு ஒரு சதுர மீட்டர் என்று 24 பேர் தாராளமாக அமரலாம். விளக்குகளுக்கு வரும் மின்இணைப்பில் 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் காப்புக் கருவி கட்டாயம் இருக்கட்டும். அடுப்பை எக்காரணம் கொண்டும் உள்ளே வைக்காதீர்கள். தீ மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் அங்கே காரணம்.

இலை அடர்ந்த சிறு மரங்கள் முழுவதுமாக ஆடத் தொடங்கினால் காற்று மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று பொருள். அந்த நிலையில் நான் எல்லோரையும் வீட்டுக்குள் அனுப்பிவிடுவேன், நிகழ்ச்சி எவ்வளவு முக்கியமான கட்டத்தில் இருந்தாலும்.

பந்தலை நிறுத்த விரும்பும் இடத்தின் நீள அகலத்தையும், தரை மண்ணா காங்கிரீட்டா என்பதையும் எழுதினால், குழாய்களின் அளவையும் பாரத்தையும் கணக்கிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்