'காரக்காயம்' வேண்டாம், 'உறைப்பெரிவு' என்று வைப்போமா?

எல்லோருக்கும் வணக்கம்,

மிளகாய் வெட்டிக் கை எரிவதற்கு முதலுதவிக் குறிப்பில் போட ஒரு சொல் கேட்டிருந்தீர்கள். இதுவரை வந்தவை 'மிளகாய்த் தீக்காயம்', 'காரக்காயம்' இரண்டும்தான். இரண்டுமே சரிவராது என்று நினைக்கிறேன்.

'காரக்காயம்' என்று சொன்ன தம்பி தமிழ்நாட்டுக்காரர், அவருக்குக் காரம் என்றால் மிளகாய். யாழ்ப்பாணத்தில் நாங்கள் அதை உறைப்பு என்கிறோம், காரம் என்றதும் எங்களுக்கு நினைவு வருவது இரசாயனப் பாடம். தமிழ்நாட்டுப் பாடநூலிலும் அமிலத்துக்கு எதிரே நிற்பது காரம்தானே? எரிசோடா போன்ற காரம் பட்டால் தோல் உண்மையிலேயே அரிபட்டுப் புண்ணாகும், உடனே தண்ணீரை விடாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அப்படிக் காரம் பட்ட ஒருவர் 'காரக்காயம்' என்ற தலைப்பைப் பார்த்து, மிளகாய் எரிவுக்குச் சொல்கிற எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு இருந்தால் என்ன ஆகும்? இந்த ஒரு காரணமே அந்தச் சொல்லை விடப் போதும்.

தீக்காயமும் பொருந்தவில்லை, ஏனென்றால் இங்கே வழக்கமாகத் தோல் எதுவும் வேகுவதில்லை. நரம்பு நுனியில் 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணர்கிற ஒரு வாங்கி (receptor என்கிற உணர்வுப் புரதம்) இருக்கிறது, மிளகாயில் உள்ள கப்சைசின் அதில் போய் ஒட்டியதும் மூளை 'சுடுகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. 1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் அந்த வாங்கியைக் கண்டுபிடித்ததே கப்சைசினை வைத்துத்தான், 2021இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தது. சூடு இல்லாமலே சுடுகிற உணர்வு என்பதுதான் நாம் பெயர் வைக்க வேண்டிய பொருள்.

போன வெயில் காலம் அம்மாவும் நானும் மோர்மிளகாய் போட ஐந்து கிலோ பச்சை மிளகாயைக் கீறினோம். கீறும்போது ஒன்றும் தெரியவில்லை, இரவு படுக்கப் போகத்தான் விரலெல்லாம் எரியத் தொடங்கியது, நகக்கண்ணில் தாங்க முடியவில்லை. சுடுகிறதே என்று தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்தேன். பிடிக்கும்வரை சுகம், எடுத்தால் திரும்ப எரிவு. கப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். 1987இல் வெளிவந்த ஓர் ஆய்விலும் முதலில் குளிர்ந்த நீர் கூடுதல் சுகம் தந்தாலும், நேரம் போகப் போகத் தாவர எண்ணெயில் கையை வைத்திருந்தவர்களுக்கே வலி குறைந்தது. கடைசியில் அம்மா நல்லெண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, பாத்திரம் கழுவுகிற திரவம் போட்டுக் கழுவி, திரும்பவும் எண்ணெய் வைத்துவிட்டார். வெந்நீர் பக்கம் போகவே கூடாது, அந்த வாங்கி ஏற்கெனவே கிளர்ந்திருப்பதால் இளஞ்சூடும் நெருப்பாகத் தெரியும்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். நெஞ்செரிவு என்று சொல்கிறோம், அங்கே நெருப்பும் இல்லை, யாரும் அதைத் தீக்காயம் என்று விளங்கிக்கொள்வதும் இல்லை. 'எரிவு' என்பது உணர்வுக்கு உரிய சொல். அதனால் உறைப்பு + எரிவு = உறைப்பெரிவு. மிளகாய் எரிவு என்றே விட்டால் என்ன என்று அக்கா ஒருவர் கேட்டிருந்தார், நல்ல கேள்வி. மிளகின் பிப்பெரினும் இதே வாங்கியைத்தான் தூண்டுகிறது, அதையும் சேர்த்துக்கொள்ளப் பொதுச்சொல் வேண்டும். (மிளகாய் என்ற பெயரே புதிதாக வந்திறங்கிய காய்க்கு மிளகை வைத்து நம் முன்னோர் உண்டாக்கிய கலைச்சொல்தான், எவ்வளவு அழகாக நிலைத்துவிட்டது!) உறை என்றதும் குளிரில் உறைவது நினைவுக்கு வரும் என்ற பயம் தேவையில்லை, தமிழ்நாட்டிலும் 'உறைக்குது' என்று பேசுகிறார்கள்.

கொப்புளம் வந்தாலோ தோல் உரிந்தாலோ அதற்கு இந்தச் சொல் பொருந்தாது, அது காயம், வைத்தியரிடம் போக வேண்டியது. அதைக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள். கண்ணில் பட்டால் எண்ணெய் வேண்டாம், சுத்தமான தண்ணீரால் நெடுநேரம் கழுவ வேண்டும் என்பதையும் தனியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள். தடுப்பது பற்றிய பகுதியில் கையுறையோடு, அது இல்லாத வீட்டுக்கு வெட்ட முன் கையில் எண்ணெய் பூசச் சொல்லியும், உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையில்தான் உறைப்பு அதிகம், விதையில் அல்ல என்றும் சேர்த்தால் நல்லது.

வெள்ளிக்கிழமைக்குள் மறுப்பு இருந்தால் எழுதுங்கள், அப்புறம் அச்சுக்குப் போய்விடும்.