எச்டி டிவிடி ஒரே இடத்தில் உறைகிறது: பிளேயரா, வட்டா?

கேள்வி: என்னிடம் இருப்பது டோஷிபா எச்டி-ஏ1, அதாவது எச்டி டிவிடி (ப்ளூ-ரேக்குப் போட்டியாக வந்த உயர் தெளிவு வட்டு வடிவம்) பிளேயர். 30 ஜிபி இரட்டை அடுக்கு வட்டு ஒன்று ஏறக்குறைய பாதியில், எப்போதும் ஒரே காட்சியில் நின்றுவிடுகிறது. சாதாரண டிவிடி எல்லாம் சரியாக ஓடுகிறது. இந்த வட்டை ப்ளூ-ரே பிளேயரில் போடலாமா?

பதில் 1: முடியாது. இரண்டுக்கும் 405 நானோமீட்டர் நீல லேசர்தான். ஆனால் ப்ளூ-ரேயில் தரவு அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.1 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, எச்டி டிவிடியில் 0.6 மி.மீ. லென்ஸும் வேறு: ஒளியைக் குவிக்கும் அளவு (எண் துளை) ப்ளூ-ரேயில் 0.85, எச்டி டிவிடியில் 0.65. எல்ஜி பிஎச்100 போன்ற சில இரட்டை வடிவ பிளேயர்கள் மட்டுமே விதிவிலக்கு.

பதில் 2: டிவிடி ஓடுவதை வைத்து பிளேயரை நம்பிவிட வேண்டாம். அதைப் படிப்பது சிவப்பு லேசர். இன்னொரு இரட்டை அடுக்கு எச்டி டிவிடியைப் போட்டுப் பாருங்கள். அதுவும் பாதியில் நின்றால் நீல லேசர் தளர்ந்திருக்கலாம், அல்லது லென்ஸில் தூசி. அது நன்றாக ஓடினால் கோளாறு வட்டில்தான். முதல் அடுக்கு முடிந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில்தான் பழைய வட்டுகள் பெரும்பாலும் சிக்கும். துடைப்பதானால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி, நேர்கோட்டில். வட்டமாகத் தேய்க்கக் கூடாது. வட்டின் இரண்டு தகடுகளை ஒட்டிய பசை உள்ளே கெட்டிருந்தால் துடைத்துப் பயனில்லை.

பதில் 3: இன்னும் ஓடுகிற வட்டுகளை இப்போதே நகலெடுத்து வையுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360க்கு வந்த வெளிப்புற எச்டி டிவிடி டிரைவ் யுஎஸ்பி வழியே கணினியில் வேலை செய்யும். மேக்எம்கேவி என்ற நகலெடுக்கும் மென்பொருள் அதில் போட்ட வட்டைப் படிக்கும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் யுடிஎஃப் 2.5 என்ற வட்டின் கோப்பு அமைப்புக்குத் தனி டிரைவர் வேண்டும். டிரைவோடு அதன் மின் அடாப்டரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.