யாங் யேயை நீங்கள் எங்கே சந்தித்தீர்கள்?

பெய்ஜிங்கில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர்:

சீனப் பெருஞ்சுவருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படாலிங் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூட்டம் என்றாலே ஒதுங்கிவிடும் சீன நண்பர் ஒருவர் என்னை வடகிழக்கே குபெய்கோவுக்கு அழைத்துப்போனார். மலைகளுக்கு நடுவே வடக்கு நோக்கித் திறக்கும் வாசல் போன்ற ஊர். அங்கே சிறியதாக ஒரு கோயில். புத்தர் கோயிலாக இருக்கும் என்று செருப்பைக் கழற்றலாமா என யோசித்தேன். நண்பர் சிரித்தார். உள்ளே இருப்பவர் ஒரு படைத்தலைவர், யாங் யே. 'யாங் வூதி', அதாவது வெல்லவே முடியாத யாங் என்பது அவருடைய பட்டப்பெயர்.

"இவர் இங்கே சண்டை போட்டாரா?" என்று கேட்டேன். "இந்தப் பக்கம் வந்ததே இல்லை" என்றார் நண்பர்.

பிறகு தேடிப் படித்தேன். யாங் யே சோங் பேரரசின் தளபதி; 986இல் இறந்தார். அவர் காவல் காத்த எல்லை மேற்கே வெகு தொலைவில், இன்றைய ஷான்சி மாகாணத்தில் இருக்கிறது. குபெய்கோவோ அந்தக் காலத்தில் எதிரியான லியாவ் அரசின் மண். கித்தான் மக்களின் அரசு அது. தங்களோடு போரிட்டவருக்குக் கோயில் இருக்க அவர்கள் விட்டிருக்கிறார்கள்! 1089இல் சோங் அரசின் தூதராக அந்த வழியாகப் போன கவிஞர் சூ சே இந்தக் கோயிலைக் கண்டு கவிதை எழுதினார். தன் நாட்டுக்காக ஓடியாடியவருக்கு அயல்நாட்டிலும் படையலும் மரியாதையும் கிடைக்கின்றன என்கிறார். இன்றுள்ள கட்டடம் பலமுறை புதுப்பிக்கப்பட்டது. அதனாலென்ன, இடம் அதுதான் என்கிறார்கள்.

உங்களில் யாராவது இவரை வேறு எங்காவது சந்தித்திருக்கிறீர்களா?

சிங்கப்பூரிலிருந்து ஒரு பெண்:

நான் மேடையில் சந்தித்தேன். சீன நாள்காட்டியின் ஏழாம் மாதம் பிறந்தால் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு எதிரே திடலில் வாயாங் எனும் சீனக் கூத்து மேடை எழும்பிவிடும். முதுகில் நான்கு கொடி செருகியிருந்தால் தளபதி என்பது எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். மொழி புரியாது. பக்கத்து வீட்டுச் சீன அங்கிள்தான் கதை சொல்லுவார்.

அவர் சொன்ன கதையில் கிழவர் யாங்குக்கு ஏழு மகன்கள். பொன்மணற் கரையில் நடந்த போரில் மூத்தவர்கள் மாள்கிறார்கள். நான்காமவன் எதிரியிடம் சிக்குகிறான். ஐந்தாமவன் ஊதாய் மலையில் துறவியாகிவிடுகிறான். உதவி கேட்டு வந்த ஏழாமவனைப் பான் என்னும் கெட்ட மந்திரி கட்டிவைத்து அம்பெய்து கொல்லுகிறான். மலையிடுக்கில் பட்டினியோடு தனித்து நிற்கும் கிழவர், அங்கிருந்த லீ லிங் நினைவுக்கல்லில் தலையை முட்டிக்கொண்டு உயிரை விடுகிறார். இந்த இடம் வந்ததும் அங்கிள் தன் நெற்றியில் உள்ளங்கையால் சத்தமாக அடித்துக் காட்டுவார். எனக்கு அதுதான் பிடிக்கும்.

கல் ஏன் லீ லிங்குடையது என்பது பின்னால்தான் விளங்கியது. கி.மு. 99இல் வடக்கு நாடோடிகளான சியோங்னு மக்களின் படையிடம் சரணடைந்த ஹான் பேரரசின் தளபதி அவர். சரணடைந்தவன் பெயர் பொறித்த கல்லில் சரணடையாதவர் தலையை முட்டிக்கொள்கிறார்.

சோங் தலைநகராக இருந்த கைஃபெங் போய்வந்தவர்:

அங்கே அடுத்தடுத்து இரண்டு ஏரிகள். ஒன்று யாங் குடும்பத்தின் பெயரில், மற்றது பான் குடும்பத்தின் பெயரில். யாங் ஏரித் தண்ணீர் தெளிந்திருக்கும், பான் ஏரி கலங்கியிருக்கும் என்பது ஊர்ப்பேச்சு. நான் போன அன்று இரண்டும் ஒரே பச்சை.

சீன வரலாறு படித்த ஓர் ஆசிரியர்:

அந்தப் பான் ஏரிக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. நான் யாங் யேயைச் சந்தித்தது சோங் அரசின் அதிகாரபூர்வ வரலாற்றில், அவருக்கென்று உள்ள சில பக்கங்களில். மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் என்னை நிறுத்தியது 979ஆம் ஆண்டு.

அதற்கு முன் அவர் சோங்கின் ஆளே அல்ல. தாய்யுவானைத் தலைநகராகக் கொண்ட வட ஹான் என்ற சிறு அரசின் தளபதி. மன்னர் தன் குலப்பெயரையே கொடுத்து அவரை லியூ ஜியே ஆக்கியிருந்தார். 979இல் சோங் பேரரசர் தாய்சோங் தாய்யுவானைப் பிடித்தார். மன்னர் பணிந்த பிறகும் இவர் போரை விடவில்லை என்றும், மன்னரே ஆளனுப்பிச் சொன்ன பிறகுதான் அழுதபடி ஆயுதத்தைக் கீழே வைத்தார் என்றும் சொல்கிறார்கள். அப்போதுதான் யாங் என்ற பழைய குலப்பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

மறு ஆண்டே யான்மென் கணவாயில் லியாவ் படை வந்து நின்றது. ஒரு லட்சம் பேர் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் பெரிதுதான். யாங் யே சிறிய குதிரைப்படையோடு ஒற்றையடிப் பாதையில் சுற்றிப் போய், எதிரியின் முதுகுப்புறமாக வடக்கிலிருந்து இறங்கினார். அதன்பின் அவர் கொடியைக் கண்டாலே கித்தான் படை விலகியது. உடனிருந்த எல்லைத் தளபதிகள் பொறாமையில் அவரைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதினார்கள். பேரரசர் அவற்றை முத்திரையிட்டு யாங் யேக்கே அனுப்பிவைத்தார். நம்பிக்கையின் அடையாளம் என்பார்கள். எனக்கு அப்படி மட்டும் தோன்றவில்லை. உன்னைப் பற்றி இப்படியெல்லாம் எழுதுகிறார்கள், தெரிந்துகொள் என்பதும் அதில் இருக்கிறது.

986இல் சோங் படை மூன்று வழியாக வடக்கே போனது. மேற்கு வழிக்குப் பான் மெய் தலைவர் (கதையில் கெட்ட மந்திரியாக வரும் பான் இவர்தான்), யாங் யே துணைத் தலைவர். நான்கு ஊர்களைப் பிடித்தார்கள். கிழக்குப் படை தோற்றதும், அந்த நான்கு ஊர் மக்களையும் அழைத்துக்கொண்டு பின்வாங்கச் சொல்லி ஆணை வந்தது. எதிரியோடு இப்போது மோத வேண்டாம், மக்களைப் பத்திரமாக வெளியே கொண்டுபோகலாம் என்றார் யாங் யே. அரண்மனையின் கண்காணிப்பாளராக வந்திருந்த வாங் ஷென் குறுக்கிட்டார். வெல்ல முடியாதவர் என்று பெயர் வைத்துக்கொண்டு எதிரியைக் கண்டு தயங்குகிறீரே, மனத்தில் வேறு எண்ணம் ஏதும் உண்டோ என்று கேட்டார்.

வேறு எண்ணம்! சரணடைந்து வந்த ஒருவரிடம் கேட்கத் தகுந்த கேள்வியா அது? அதற்குமேல் யாங் யேயால் என்ன பேச முடியும்? நான் தாய்யுவானில் சரணடைந்தவன், அன்றே செத்திருக்க வேண்டியவன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். போகும்போது பான் மெய்யிடம் கண்ணீரோடு ஒன்றே ஒன்று கேட்டார்: சென்ஜியாகு பள்ளத்தாக்கு வாயிலில் வில்வீரர்களை நிறுத்திவையுங்கள், நான் அங்கே திரும்பி வருவேன்.

விடியற்காலையிலிருந்து முற்பகல் வரை காத்திருந்தார்கள். எதிரி ஓடிவிட்டான் என்று நினைத்த வாங் ஷென், வெற்றியில் பங்கு கேட்கும் அவசரத்தில் இடத்தை விட்டுக் கிளம்பினார். பான் மெய்யால் தடுக்க முடியவில்லை. தோல்விச் செய்தி வந்ததும் அவரும் போய்விட்டார். பொழுது சாயும் நேரத்தில் யாங் யே வந்து பார்த்தபோது வாயிலில் ஒருவரும் இல்லை. மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். எஞ்சியிருந்த நூற்றுச் சொச்சம் பேரை வீட்டுக்குப் போகச் சொன்னார்; யாரும் போகவில்லை. அவர்களில் வாங் குய் என்பவருக்கு வயது 73. மகன் யான்யுவும் அங்கேயே இறந்தார். உடலெங்கும் காயத்தோடு பிடிபட்ட யாங் யே மூன்று நாள் உணவைத் தொடாமல் இறந்துபோனார். கல்லும் இல்லை, மோதலும் இல்லை.

வாங் ஷென் பதவியிழந்தார், பான் மெய் மூன்று படி இறக்கப்பட்டார். கதையிலோ பழி முழுவதும் பான் மெய் தலையில். வாங் ஷென்னை இன்று யாருக்குத் தெரியும்?

பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்:

மற்ற மகன்கள்? வாள் வீசும் மருமகள்கள்?

ஆசிரியர்:

தந்தையோடு இறந்ததாக அந்த வரலாறு சொல்வது யான்யு ஒருவரைத்தான். இன்னொரு மகன் யான்சாவ் இருபது ஆண்டுக்கு மேல் எல்லையைக் காத்தார். 999 குளிர்காலத்தில் கோட்டைச் சுவரில் தண்ணீரை ஊற்றி உறையவைத்து, லியாவ் வீரர்களை ஏறவிடாமல் வழுக்கவைத்தவர் அவர்தான். மூ குய்யிங் முதலான வீரப்பெண்கள் கதை தந்தவர்கள். ஆனால் கதை சீக்கிரமே பிறந்துவிட்டது. 1051இல் சோங் அறிஞர் ஓயாங் சியூ எழுதிய கல்லறைக் குறிப்பில், இந்தத் தந்தை மகன் பெருமையை ஊர்ச் சிறுவர்கள்கூடச் சொல்லுகிறார்கள் என்கிறார். தந்தை இறந்து 65 ஆண்டுதான்.

பெய்ஜிங்கில் இருந்தவர்:

ஆசிரியர் எழுதியதைப் படித்ததும் அந்த நான்காம் மகன் நினைவுக்கு வந்தான். பெய்ஜிங்கில் அவனைப் பற்றிய இசைநாடகத்தைப் பார்த்திருக்கிறேன். எதிரியின் நாட்டில் யாங் என்ற சீன எழுத்தை இரண்டாகப் பிளந்து மு யீ என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த நாட்டு இளவரசியை மணந்து பதினைந்து ஆண்டு வாழ்கிறான். குலப்பெயரை மறைத்து வேறோர் அரசருக்குக் கீழே வாழ்ந்தது, உண்மையில் அவனுடைய அப்பா அல்லவா? கிழவரிடம் ஒட்டாத கறையைக் கதைகாரர்கள் கற்பனை மகன் மேல் துடைத்துவிட்டார்கள் போலும்.

சிங்கப்பூர்ப் பெண்:

நேற்று அங்கிளுக்குத் தொலைபேசினேன். வயது தொண்ணூறை நெருங்குகிறது. வரலாற்றில் அந்தக் கல் கிடையாதாம், பட்டினி கிடந்து இறந்தாராம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கல் இல்லையென்றால் அவர் எதில் முட்டிக்கொண்டார்?" என்று கேட்டார்.