வட்டத்தை மூன்று சமபங்காக்க எப்பிடிப் பழக்கலாம்?

கேள்வி:
வணக்கம். தரம் 2 பிள்ளையளிட்டை வட்டத்தை மூன்று சமபங்காக்கச் சொன்னால் நெடுக்காக இரண்டு கோடு கீறிவிடுகினம். "மூண்டு துண்டு வந்திட்டுதுதானே ரீச்சர்" எண்டு கேக்கினம். எப்பிடி விளங்கப்படுத்திறது?

பதில் 1:
முதலிலை வெட்டிக் காட்டுங்கோ ரீச்சர். 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தை 4 சென்ரிமீற்றர் அகலப் பட்டிகளாக வெட்டினால் நடுத்துண்டு ஏறக்குறைய 42 வீதம், ஓரத்துண்டு ஒவ்வொண்டும் 29 வீதம். நடுத்துண்டிலை ஓரத்துண்டை வையுங்கோ. வளைவுப் பக்கத்தின்ரை இரண்டு மூலையிலும் மிச்சம் வெளியாலை தெரியும். அதைப் பிள்ளையே விரலாலை தொட்டுக் காட்டட்டும்.

சரியாகப் பிரிக்க, வட்டம் கீறின கவராயத்தின்ரை அகலத்தை மாத்தாமல் பரிதியைச் சுற்றிக் குறியுங்கோ. 6 புள்ளி வரும். ஒண்டுவிட்ட மூன்றை மட்டும் மையத்தோடை இணையுங்கோ. ஆறையும் இணைச்சால் ஆறிலொன்று ஆகிவிடும். கவராயம் உங்கடை கையிலை இருக்கட்டும்.

பதில் 2:
செவ்வகத்தை மூலைவிட்டத்தாலை இரண்டு சமபங்காக்கிறதையும் கவனியுங்கோ. மூலைவிட்டத்திலை மடிச்சால் பொருந்தாது, உடனை "சமனில்லை" எண்டுவினம். மடிக்க மட்டும் பழக்கினால் வாற பிழை இது. வெட்டி, ஒரு துண்டை அரைச்சுற்றுத் திருப்பினால் அச்சொட்டாப் பொருந்தும்.

கேட்டவர்:
துண்டைப் புரட்டலாமோ?

பதில் 2:
புரட்டினால் பொருந்தாது. மேசையிலை வைச்சபடியே சுழட்டுங்கோ.