வாசிப்புப் பட்டியலுக்குச் சரியான பதிப்பு சொல்லுங்களேன்

வாசிப்புக் குழுவுக்குப் பட்டியல் தயார், சிக்கல் பதிப்பில்தான். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் 1872 ஆறாம் பதிப்பு வேண்டாம். மறுப்புகளுக்குப் பதில் சொல்லவே தனி அத்தியாயம் சேர்த்ததில் வாதம் இழுபடுகிறது. 1859 முதற்பதிப்பே தெளிவு. அதிலிருந்து செய்த முழுத் தமிழாக்கம் உண்டா? சுருக்கம் உதவாது.

தத்துவத்துக்கு மணிமேகலை 27ஆம் காதை நல்ல வாசல். பல சமயத்தாரும் வரிசையாகத் தம் கொள்கையைச் சொல்வார்கள். 29ஆம் காதையில்தான் ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். அளவையியல் (தர்க்கம்) கலைச்சொற்கள் அப்படி! அவற்றை எடுத்துக்காட்டோடு பிரித்து விளக்கும் உரை எது?

குறுந்தொகைக்கு உ.வே.சா.வின் 1937 உரைப்பதிப்பு முடிவாகிவிட்டது. 401 பாட்டு, வாரத்துக்கு 8 போதும். கூடினால் கூற்று யாருடையது, அதாவது பாட்டில் பேசுவது யார் என்பதே குழம்பும்.

பதிப்பகம், ஆண்டு, இப்போது அச்சில் உள்ளதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.