மறு: அஃபோர்டன்ஸ் – 'இடங்கொடை' என்று வைத்துக்கொள்வோமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கால்பந்துப் பயிற்சியாளர் கையேட்டில் மற்ற சொற்களெல்லாம் ஓரளவு முடிவுக்கு வந்துவிட்டன. அஃபோர்டன்ஸ் (affordance) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடுகிற இந்த ஒன்றில்தான் சிக்கிக்கொண்டு நிற்கிறோம். அஃபோர்டன்ஸ் என்றே விட்டுவிடலாம் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆட்டக்காரர் களத்தில் எப்படி முடிவெடுக்கிறார் என்ற அத்தியாயம் முழுக்க இந்தக் கருத்தின் மேல்தான் நிற்கிறது. பெங்களூரின் ஆஸ்டின் டவுனிலும், பேலேவுக்குச் சிலை வைத்திருக்கிற கௌதம்புரத்திலும் பிள்ளைகளுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிற நம் ஆட்கள் பலர் தமிழில்தான் பேசுகிறார்கள். அவர்கள் வாயில் புழங்காத சொல்லை நடுவில் நட்டு வைத்தால் அந்த அத்தியாயத்தை யாரும் புரட்டமாட்டார்கள். என் பரிந்துரை 'இடங்கொடை'. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக முதலில் கருத்து. ஜேம்ஸ் கிப்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் உண்டாக்கிய சொல் இது. 1979-இல் விரிவாக எழுதினார். ஒரு சூழல் ஓர் உயிருக்கு எதையெல்லாம் தருகிறதோ, நல்லதோ கெட்டதோ, அவையே அஃபோர்டன்ஸ். முழங்கால் உயரத்தில் தட்டையாக, கெட்டியாக ஒரு பாறை இருந்தால் நமக்கு அது உட்காரத் தோதானது. கைக்குழந்தைக்கு அதே பாறை ஏற முடியாத சுவர். அப்படியானால் 'உட்காரத் தோதானது' என்ற தன்மை பாறையில் மட்டும் இல்லை, ஆளில் மட்டும் இல்லை, இரண்டும் சேர்கிற இடத்தில் இருக்கிறது. வில்லியம் வாரன் என்ற ஆய்வாளர் 1984-இல் படிக்கட்டுகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார். தன் கால் நீளத்தில் சுமார் 0.88 பங்கு உயரம் வரை உள்ள படியைக் கை ஊன்றாமல் ஏறிவிடலாம் என்று மக்கள் வெறும் கண்ணாலேயே கணித்தார்கள். நெட்டையருக்கும் குட்டையருக்கும் சென்டிமீட்டர் வேறுபட்டது, அந்தப் பங்கு வேறுபடவில்லை. உலகத்தை நாம் நம் உடம்பை அளவுகோலாக வைத்தே பார்க்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டு அறிவியலில் இதை ஊன்றியவர்கள் துவார்த்தே அராவுஜோ, கீத் டேவிட்ஸ் முதலானவர்கள். 2006-இல் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் அடிப்படை. அதுவரை செல்வாக்கோடு இருந்த விளக்கம் வேறு: ஆட்டக்காரர் பார்க்கிறார், மூளை நினைவிலிருந்து ஒரு திட்டத்தைத் தேடி எடுக்கிறது, பிறகு கால் அதை நிறைவேற்றுகிறது. இவர்கள் சொன்னது, பார்ப்பதும் செய்வதும் ஒன்றோடொன்று பின்னியவை, ஓடிக்கொண்டிருக்கும்போதே முடிவு உருவாகிறது என்று. இந்த அளவு போதும், சொல்லுக்கு வருகிறேன்.

> செயல்வாய்ப்பு போதுமே. 'வாய்ப்பு' சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

அக்கா, நானும் முதலில் இதன் பக்கம்தான் சாய்ந்தேன். ஆனால் கால்பந்தில் 'வாய்ப்பு' ஏற்கெனவே ஒரு வேலையில் இருக்கிறது. "பொன்னான வாய்ப்பைத் தவறவிட்டார்" என்று வர்ணனையில் வந்தால் கோல் அடிக்கும் தருணம் என்று பொருள். போதாததற்கு, "மழைக்கு வாய்ப்பு" என்கிறபோது அது நிகழ்தகவு. நம் கையேட்டின் ஏழாம் அத்தியாயமே எதிர்பார்ப்பு கோல் கணக்கு, அதாவது ஓர் அடி கோலாக எவ்வளவு நிகழ்தகவு என்ற கணக்கு. ஒரு பெனால்டி கோலாகும் வாய்ப்பு சுமார் 0.76 முதல் 0.79 வரை என்று அங்கே எழுதியிருக்கிறோம். ஒரே புத்தகத்தில் வாய்ப்பு என்பது ஓரிடத்தில் எண்ணாகவும், ஓரிடத்தில் தருணமாகவும், இன்னோரிடத்தில் சூழலின் தன்மையாகவும் வந்தால் படிப்பவர் குழம்பிப்போவார். இன்னொன்றும் உண்டு. வாய்ப்பு என்றாலே நல்லது என்று காது எடுத்துக்கொள்கிறது. கிப்சன் கெட்டதையும் சேர்த்துத்தான் சொன்னார். ஈரமான புல் வழுக்கி விழவும் இடம் கொடுக்கும்.

> 'ஏது' அருமையான பழஞ்சொல். "உட்கார ஏதுவான பாறை" என்று இன்றும் சொல்கிறோம். செயலேது என்று வைக்கலாம்.

ஐயா, 'ஏதுவான' என்ற பயன்பாடு கருத்துக்கு மிக நெருக்கம், அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. வடமொழி வேர் என்று சிலர் தள்ளியதை நான் பொருட்படுத்தவில்லை. இத்தனை நூற்றாண்டு நம்மோடு இருந்துவிட்ட சொல் அது. தடை வேறிடத்தில் இருக்கிறது. அளவை (தர்க்க) நூல்களில் பக்கம், ஏது, எடுத்துக்காட்டு என்று வரும்போது அது காரணம். முடிவெடுத்தலைப் பற்றிய அத்தியாயத்தில் 'ஏது' என்று போட்டால், ஆட்டக்காரர் ஏன் அப்படிச் செய்தார் என்ற காரணமாகத்தான் படிப்பார்கள். அப்புறம் 'செயலேது' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். "செயல் ஏது?" என்று, செயலே இல்லை என்பதுபோல் காதில் விழுகிறது. வகுப்பில் சொல்லிக்கொடுக்கிற சொல்லுக்கு இது பெரிய குறை.

இனி இடங்கொடை.

நாம் அன்றாடம் பேசுவதை நினைத்துப் பாருங்கள். "வரணும்னுதான் இருந்தேன், உடம்பு இடம் கொடுக்கல." "சூழ்நிலை இடம் கொடுத்தால் பார்க்கலாம்." "சட்டம் அதுக்கு இடம் கொடுக்காதுப்பா." உடம்பு, சூழல், விதி. கார்ல் நியூவெல் என்ற ஆய்வாளர் 1986-இல் ஓர் அசைவு எப்படி உருவாகிறது என்பதற்கு மூன்று பக்கங்களை வைத்தார்: ஆள், சூழல், பணி. பணி என்பதில் ஆட்டத்தின் விதியும் நோக்கமும் அடங்கும். விளையாட்டு அறிவியல் பாடத்தில் முக்கோணமாகப் போட்டுக் காட்டுவது இதைத்தான். அந்த மூன்று பக்கத்துக்கும் தமிழ் ஒரே வினையை வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறது. நாம் கோட்பாட்டைக் கொண்டுவந்து சொல்லின் மேல் ஏற்றவேண்டிய வேலையே இல்லை. கிப்சனும் அகராதியில் இருந்த afford என்ற வினையை எடுத்துத்தான் இல்லாத பெயர்ச்சொல்லை ஆக்கினார். நாமும் 'இடம் கொடு' என்ற வினையிலிருந்து இடங்கொடை என்று ஆக்குகிறோம்.

சரி, ஓர் ஆட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு அந்த இரவு மறக்காது. 2023 மார்ச் 3, கண்டீரவா மைதானம், பெங்களூரு எஃப்சியும் கேரளா பிளாஸ்டர்ஸும் மோதிய ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பிளே ஆஃப். 90 நிமிடம் கோல் இல்லை. கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் பெட்டிக்கு வெளியே பெங்களூருக்கு ஒரு ஃப்ரீ கிக். பிளாஸ்டர்ஸ் ஆட்டக்காரர்கள் பந்தை மறிக்க வரிசையாக நின்று சுவர் கட்டத் தொடங்குகிறார்கள். கோலி பிரப்சுகன் கில் சுவரை நிறுத்துவதில் மும்முரமாக இருக்கிறார். பெங்களூரின் சுனில் சேத்ரி பந்தருகே நிற்கிறார். முதலில் ஒருமுறை எடுக்கப் பார்த்தபோது பிளாஸ்டர்ஸின் ஏட்ரியன் லூனா குறுக்கே நின்றுவிட்டதாகச் சேத்ரி பின்னர் சொன்னார். விசிலும் வேண்டாம், சுவரும் வேண்டாம் என்று நடுவரிடம் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். லூனா விலகுகிறார். அடுத்த நொடி பந்து மெதுவாக எழும்பிக் காலியான கோலுக்குள் போய் விழுகிறது. நடுவர் கோல் என்றார், பிளாஸ்டர்ஸ் களத்தை விட்டு வெளியேறினார்கள், பின்னர் அந்த அணிக்கு 4 கோடி ரூபாய் அபராதமும் வந்தது. அது நியாயமா என்ற சண்டை நம் குழுவிலேயே ஓயவில்லை. அதை இங்கே இழுக்க வேண்டாம்.

நான் பார்க்கச் சொல்வது அந்தச் சில நொடிகளை. ஃப்ரீ கிக்கைச் சட்டென்று எடுக்க விதி இடம் கொடுக்கிறது, எதிரணி 9.15 மீட்டர் தள்ளிப் போகும்வரை காத்திருப்பது எடுப்பவரின் உரிமை, கடமை இல்லை. களம் இடம் கொடுக்கிறது: கோலி நடுவில் இல்லை, சுவர் அரைகுறை. உடம்பு இடம் கொடுக்கிறது: ஓடிவந்து ஓங்கி அடிக்காமல், நின்ற நிலையில் பாதத்தால் பந்தைத் தூக்கி அனுப்பத் தெரிந்த கால் அது. லூனா குறுக்கே நின்றபோது இந்த இடங்கொடை மூடியது, விலகியதும் திறந்தது, கோலி திரும்பியிருந்தால் மறுபடி மூடியிருக்கும். மைதானத்தில் இருந்த எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் அது கிடந்தது. 38 வயதில் அதைக் கண்டுகொண்டவர் ஒருவர்தான். "சேத்ரி புத்திசாலித்தனமாக முடிவெடுத்தார்" என்று எழுதிவிட்டுப் போனால் பயிற்சியாளருக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமே மிஞ்சாது. எந்த இடங்கொடை எப்போது திறந்தது, அதைக் காட்டிய அடையாளம் எது என்று கேட்டால், நாளைக் காலைப் பயிற்சியில் வைக்க ஒரு வேலை கிடைக்கும்.

உடம்புப் பக்கத்துக்கு இன்னொன்று. சேத்ரியின் உயரம் 170 செ.மீ. அந்த உயரத்தில் தலையால் அடிக்கிற கோல்கள் அவருக்கு நிறைய. 2021 ஜூனில் தோஹாவில் வங்கதேசத்துக்கு எதிராக 79-ஆவது நிமிடத்தில் ஆஷிக் குருணியன் அனுப்பிய பந்தைத் தலையால் திருப்பியது நினைவிருக்கும். நின்று குதித்து மோதுவதற்கு உயரமான தடுப்பாளர்கள் அவருக்கு இடம் கொடுக்கமாட்டார்கள். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவில் ஓடிவந்து எழும்ப இடமுண்டு. ஆறடி ஆளுக்கு அதே பந்து வேறு இடங்கொடை. வாரனின் படிக்கட்டுக் கணக்குதான் இங்கேயும்.

> கால்பந்தில் 'இடம்' என்றாலே ஸ்பேஸ். "இடம் குடுக்காதடா" என்று கத்தாத கோச் உண்டா? குழப்பம் வராதா?

வந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது, தம்பி. நான் இப்படிப் பிரிக்கிறேன். ஸ்பேஸுக்கு நம் பட்டியலில் ஏற்கெனவே 'வெளி' இருக்கிறது; பையன்கள் கேப்பு என்பார்கள், அதுவும் இருக்கட்டும். "இடம் குடுக்காதடா" என்று கோச் கத்தும்போது அவர் வெளியை மட்டுமா சொல்கிறார்? எதிராளிக்குத் திரும்ப இடம் கொடுக்காதே, நிமிர்ந்து பார்க்க இடம் கொடுக்காதே, வலது காலுக்கு மாற்ற இடம் கொடுக்காதே என்பதெல்லாம் அதில் அடக்கம். சில சமயம் இரண்டடி தள்ளி நின்றால்தான் எதிராளிக்கு இடம் கொடுக்காமல் இருக்க முடியும். ஒட்டி நின்றால் ஒரே சுழலில் தாண்டிப் போய்விடுவான். வெளி அங்கே கூடுகிறது, இடங்கொடை குறைகிறது. ஆகக் கோச்சின் கத்தல் நம் பக்கத்துச் சாட்சி என்றே எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்டின் டவுனில் நான் பார்க்கிற பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயதுப் பையன்கள், நாலுக்கு நாலு. கோச் முதலில் கோன்களை நெருக்கி வைத்து ஒடுக்கமான களம் போட்டார். பையன்கள் நேராக முட்டிக்கொண்டு போனார்கள், பந்து காலில் சிக்கிச் சிக்கி நின்றது. ஒரு வார்த்தையும் பேசாமல் இரண்டு பக்கமும் கோன்களை ஐந்தடி தள்ளி வைத்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு சின்ன கோல் கூடுதலாக வைத்தார். கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் நின்ற பையன் பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கத் தொடங்கினான்; பந்தை வாங்கும்போதே உடம்பு பாதி திரும்பியிருந்தது. "பின்னாடி பாருடா" என்று யாரும் சொல்லவில்லை. பார்ப்பதால் ஆதாயம் உண்டு என்று களம் சொல்லிவிட்டது. இந்தப் பயிற்சியை விளக்கத்தான் நமக்கு இந்தச் சொல் வேண்டும்.

அந்தத் திரும்பிப் பார்த்தலுக்கு 'நோட்டம்' என்று போன மாதம் முடிவு செய்தோம், அது நல்ல தேர்வு. நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடுக்கள ஆட்டக்காரர்களை வைத்து எண்ணிப் பார்த்ததும் நோட்டத்தைத்தான். பிராங்க் லாம்பார்டு அதில் முன்வரிசை. நோட்டம் விட்டு இடங்கொடையைக் கண்டுகொள்வது என்று எழுதினால் வாக்கியம் தானாக ஓடுகிறது.

நியூவெல் சொன்ன மூன்று பக்கங்களுக்கும் பொதுப்பெயரான கன்ஸ்ட்ரெயின்ட் (constraint) என்பதற்குத் 'தடை' வேண்டாம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். கோனைத் தள்ளி வைப்பது தடையா? நெல்வயலின் வரப்பு தண்ணீரை நிறுத்தவும் செய்கிறது, வேண்டிய பக்கம் திருப்பவும் செய்கிறது. 'வரம்பு' என்று வைத்தால் இரண்டும் அடங்கும். உடல் வரம்பு, சூழல் வரம்பு, பணி வரம்பு.

நெல்லைக்காரர்களுக்குக் 'கொடை' என்றதும் கோயில் கொடைதான் நினைவு வரும் என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். கூட்டுச்சொல்லில் அது தொந்தரவு செய்யாது என்று நம்புகிறேன். இரத்ததானத்தைக் குருதிக்கொடை என்கிறோம், யாரும் குழம்பவில்லை. கொடை என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டுமே என்ற கேள்விக்கும் இதே பதில்தான். "உடம்பு இடம் கொடுக்கல" என்னும்போது உடம்பை ஓர் ஆளாக நாம் நினைப்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சரியாக அமையவில்லை. யார் கண்ணிலும் படாவிட்டாலும் இடங்கொடை அங்கே இருக்கும் என்பது கிப்சனின் நிலை. 1988-இல் டொனால்டு நார்மன் இதை வடிவமைப்புத் துறைக்கு எடுத்துப் போனபோது, பயனர் கண்ணுக்குப் படுவதையே முதன்மையாக வைத்தார். இரண்டையும் பிரித்துச் சொல்லக் 'கண்ட இடங்கொடை', 'காணா இடங்கொடை' என்று போட்டுப் பார்த்தேன். 'கண்ட' என்பது "கண்ட கண்ட" என்கிற பேச்சை இழுத்துவருகிறது. 'புலப்படும் இடங்கொடை' நீளம். மென்பொருள் இடைமுகம் மொழிபெயர்க்கிற நண்பர்கள் இதற்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதினால் நாலாம் அத்தியாயத்தை அன்றே திருத்தி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
ஆஸ்டின் டவுன், பெங்களூரு